ஐந்து ஸ்பீக்கர், இரண்டு பாதை

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நம்ம வீடுகளுக்கு வரும் சாமான்களில் ஹோம் தியேட்டர் செட்டுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மகன் கட்டாரிலிருந்து கார்கோவில் போட்டது, நானா வரும்போது கையோடு கொண்டுவந்தது, கொழும்பில் ரீகண்டிஷன் கடையில் பேரம் பேசி வாங்கியது என்று ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு கதை இருக்கும். ஆசையோடு பூட்டி, டிவியோடு இணைத்து, படத்தைப் போட்டால் ஐந்து ஸ்பீக்கரில் இரண்டுதான் பேசும். பின்னால் இருப்பவை வாயே திறக்காது. "சேர், நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிறீங்க தானே, இத ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். கூப்பிடாதவர்கள் "பெட்டி பழுது" என்று முடிவுகட்டி, ஒரு இலட்சம் பெறுமதியான ரிசீவரைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் பார்த்த அளவில் அநேகமான பெட்டிகளில் பழுது எதுவும் இல்லை. இதை நீங்களே சோதிக்கலாம். ரிசீவரின் செட்டிங் பகுதியில் 'டெஸ்ட் டோன்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ரிசீவர் தானாகவே ஒரு இரைச்சலை உண்டாக்கி, ஸ்பீக்கர் ஸ்பீக்கராகச் சுற்றி அனுப்பும். ஐந்திலும் அந்த இரைச்சல் கேட்டால் வயர் சரி, ஸ்பீக்கர் சரி, உள்ளே இருக்கும் அம்ப்ளிஃபயரும் சரி. குறை பெட்டிக்கு வெளியே, அதற்குள் ஒலி வந்துசேரும் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை ஏன் இவ்வளவு குழப்பமானது என்பதற்குத்தான் இந்த வரலாறு. ரிசீவரின் பின்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு காலத்தில் மனிதர்கள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. தன் காலத்து உடன்படிக்கைக்கு மேல் ஒன்றையும் அந்தக் குழி கொண்டுபோகாது.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அலன் புளும்லைன் என்ற பொறியியலாளர் இ.எம்.ஐ. கம்பனியில் வேலை செய்தவர். மனைவியோடு சினிமா பார்க்கப் போன இடத்தில், நடிகர் திரையின் ஒரு பக்கத்தில் நிற்க, குரல் இன்னொரு இடத்திலிருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நமக்கு இரண்டு காது இருப்பதுபோல ஒலிக்கும் இரண்டு பாதை வேண்டும் என்பதே அடிப்படை. இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வது அதைத்தான். இரண்டு ஒலிகளை ஒரே இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில், இரண்டு சுவர்களில் பதிக்கும் வழியையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு பொதுமக்கள் வாங்கக்கூடியதாகக் கடைக்கு வந்தது 1958 அளவில். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1942இல் ராடார் கருவி ஒன்றைப் பரிசோதிக்கப் போன விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார்.

இதற்கிடையில் அமெரிக்காவில் வோல்ட் டிஸ்னி இரண்டோடு நிற்கவில்லை. 1940 நவம்பரில் நியூயோர்க்கில் 'ஃபன்டேசியா' படத்தைக் காட்டியபோது, படச்சுருளோடு சேர்ந்து ஓட இன்னொரு தனிச் சுருள் வைத்தார். அதில் மூன்று ஒலித்தடங்கள், எந்த நேரத்தில் எந்த ஸ்பீக்கர் எவ்வளவு பேச வேண்டும் என்று கட்டளையிட நான்காவதாக ஒரு தடம். இசை திரையை விட்டிறங்கி அரங்கைச் சுற்றிவந்தது. ஆனால் அந்தக் கருவிகளைப் பூட்டுவதற்கான செலவைக் கேட்ட தியேட்டர்காரர்கள் பின்வாங்கினார்கள். போரும் வந்தது. மிகச் சில அரங்குகளோடு அந்த முயற்சி நின்றுவிட்டது. 1952இல் சினிராமா ஏழு தடங்களோடும், 1953இல் 'த ரோப்' படம் நான்கு காந்தத் தடங்களோடும் வந்தன. அவற்றுக்கும் இதே கதிதான். காந்தப் பூச்சுள்ள பிரதிகளின் விலை அதிகம், தேய்மானமும் அதிகம். சாதாரண தியேட்டர்கள் பழைய ஒற்றைத் தடத்திலேயே இருந்தன.

பல திசையில் ஒலி கேட்க வைப்பது எப்படி என்று அப்போதே தெரிந்திருந்தது. அத்தனை ஒலிகளையும் மலிவாகக் கொண்டுபோகப் பாதைதான் இல்லை. இருந்த பாதை ஒன்று, அல்லது இரண்டு.

வீட்டுக்குள் இந்தச் சண்டை 1970களில் நடந்தது. இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்த கதை இது. நான்கு மூலையில் நான்கு ஸ்பீக்கர், 'குவாட்ரபோனிக்' என்று பெயர். அமெரிக்காவின் சி.பி.எஸ். கம்பனி எஸ்.கியூ. என்றொரு முறையைக் கொண்டுவந்தது. ஜப்பானின் சன்சுய் கம்பனி கியூ.எஸ். என்று எழுத்தை மாற்றிப்போட்டு இன்னொன்றை. ஜே.வி.சி. கம்பனி சீடி-4 என்று மூன்றாவது. இசைத்தட்டின் பள்ளத்தில் இருப்பது இரண்டே இரண்டு சுவர். அதற்குள் நான்கு ஒலிகளை எப்படிப் போடுவது? முதல் இரண்டு கம்பனிகளும் நான்கையும் ஒரு கணக்குப்படி இரண்டாகக் கலந்தன, ஆனால் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு. ஜே.வி.சி. தன் மேலதிக ஒலிகளை மனிதக் காதுக்குக் கேட்காத 30 கிலோஹேர்ட்ஸ் அலை ஒன்றின் மேல் ஏற்றியது. அதை வாசிக்க விசேடமாகத் தீட்டிய ஊசி வேண்டும். சாதாரண ஊசியைப் போட்டால் அந்த நுண்ணிய பள்ளம் தேய்ந்துபோகும்.

ஆக ஒரு கம்பனியின் தட்டை இன்னொரு கம்பனியின் பெட்டி சரியாக வாசிக்காது. எந்தப் பெட்டியை வாங்குவது என்று தெரியாமல் மக்கள் முழித்தார்கள். வாங்கியவர்களின் பெட்டிக்குப் பொருத்தமான தட்டுகள் வருவது நின்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடைகளிலிருந்து எல்லாமே போய்விட்டது. தொழில்நுட்பம் மோசமானதால் இது நடந்தது என்று நான் நினைக்கவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் விடயம்.

அந்தக் குப்பைக்குள் ஒரு மாணிக்கம் இருந்தது. பீட்டர் ஷைபர் என்பவர் தொழிலால் இசைக்கலைஞர், பசூன் என்ற குழல்வாத்தியம் வாசித்தவர். நான்கு ஒலிகளை இரண்டுக்குள் கலந்து, மறுபடி நான்காகப் பிரிக்கும் வழிக்குக் காப்புரிமை எடுத்தவர்களில் அவர் முன்னோடி. 'மேட்ரிக்ஸ்' முறை என்று சொல்வார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம்ம பிள்ளைகள் படிக்கும் அட்சரகணிதம்தான்.

இடது ஒலியை 'இ' என்றும், வலதை 'வ' என்றும், நடுவை 'ந' என்றும், பின்னால் வர வேண்டியதைப் 'பி' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எளிமையாக எழுதினால், முதல் தடத்தில் இ + ந + பி என்று பதிக்கிறோம். இரண்டாம் தடத்தில் வ + ந − பி என்று பதிக்கிறோம். நடு ஒலி இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது. பின் ஒலி ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் இருக்கிறது. இப்போது இரண்டு தடத்தையும் கூட்டிப் பாருங்கள்: பி வெட்டுப்பட்டு, ந இரட்டிப்பாகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள்: ந காணாமல் போய், பி இரட்டிப்பாகிறது. கூட்டினால் நடு, கழித்தால் பின். இ, வ இரண்டும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும் என்பது இதன் குறை.

டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் இதற்குப் பெட்டியே தேவையில்லை என்று காட்டினார். பின் ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் இடது வலது அம்ப்ளிஃபயர்களின் இரண்டு பிளஸ் முனைகளுக்கு இடையில் கொடுத்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அந்த ஸ்பீக்கரில் கேட்டது. (இன்றைய அம்ப்ளிஃபயர்களில் இதைச் செய்து பார்க்காதீர்கள். சில வகைகள் சுட்டுப்போகும்.)

இந்தக் கணக்கு உங்கள் வீட்டிலும் வேலை செய்கிறது. ஒரு முன் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால், இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவான ஒலி அறைக்குள் ஒன்றையொன்று வெட்டும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கேயோ மிதக்கும், பாஸ் மெலிந்துபோகும். ஸ்பீக்கர் பழுது என்று மாற்றப்பட்ட சில ஸ்பீக்கர்களின் உண்மையான குறை இதுதான். வயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ இருக்கும். அந்தப் பக்கத்தை எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு முனைக்கே கொடுங்கள்.

வீட்டில் தோற்ற மேட்ரிக்ஸ் தியேட்டரில் வென்றது. ரே டொல்பி 1965இல் லண்டனில் கம்பனி தொடங்கியவர். பழைய கெசட் டெக்கில் இரைச்சலைக் குறைக்க ஒரு டொல்பி பட்டன் இருந்ததே, அவர்தான். படச்சுருளில் ஒற்றை ஒலித்தடம் இருந்த இடத்தை இரண்டாகப் பிரித்தால் தடம் ஒடுங்கி இரைச்சல் கூடும். அந்த இரைச்சலை அடக்கும் வித்தை அவர் கையில் இருந்தது. இரண்டு தடம் கிடைத்ததும் அதற்குள் மேட்ரிக்ஸ் முறையில் நான்கு ஒலிகளை வைத்தார்கள்: இடது, நடு, வலது, பின். தியேட்டர்காரர் புதிதாகக் காந்தக் கருவி வாங்கத் தேவையில்லை. பழைய கருவி வைத்திருப்பவருக்கும் அதே சுருள் ஓடும். 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' இந்த முறையின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

பாசூன் வாசித்த ஷைபர் 1983இல் டொல்பி மீது வழக்குப் போட்டார். அவருக்கு உரிமைப்பணம் கொடுக்கச் சம்மதித்துச் சமாதானம் ஆனார்கள். வீதத்தைக் குறைத்துக்கொண்டு, கடைசிக் காப்புரிமை முடியும்வரை கொடுப்பது என்று உடன்பாடு. அமெரிக்கக் காப்புரிமைகள் 1993இல் முடிந்ததும் டொல்பி கொடுக்க மறுத்தது. 2002இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், முடிந்துபோன காப்புரிமைக்குப் பணம் கேட்க முடியாது என்று டொல்பியின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தச் சட்டவிதி நியாயமானதா என்று நீதிபதிக்கே சந்தேகம் இருந்தது, அதைத் தீர்ப்பிலும் எழுதினார். சட்டம் எப்படியோ, கைகொடுத்துப் பேசிய பேச்சை இப்படித் தட்டிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி வீட்டுக்குத் திரும்புவோம். இந்தப் படங்கள் வீடியோ கெசட்டுக்கு வந்தபோது ஒரு சுவாரசியம் நடந்தது. கெசட்டிலும் ஸ்டீரியோவுக்காக இரண்டு தடம் இருந்தது. படத்தின் இரண்டு தடங்களை அப்படியே பதிந்தார்கள். நடுவும் பின்னும் அதற்குள் கலந்தபடியே வீடுவீடாகப் போய்ச்சேர்ந்தன, பார்த்தவர்களுக்குத் தெரியாமலே. 1982இல் 'டொல்பி சரவுண்ட்' என்று அதைப் பிரித்தெடுக்கும் வீட்டுக் கருவிகள் வந்தன. 1987இல் 'ப்ரோ லொஜிக்' வந்தது. அந்தந்தக் கணத்தில் எந்தத் திசை பலமாக இருக்கிறது என்று பார்த்து, மற்றத் திசைகளில் கசிவதை அது அடக்கியது. அதுவரை ரேடியோ அலையை வாங்கும் பெட்டி என்பதால் 'ரிசீவர்' என்ற பெயர் பெற்றிருந்த சாமான், இதற்குப் பிறகுதான் டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

எனவே இரண்டு தடமுள்ள ஒலி வரும்போது ரிசீவர் 'ஸ்டீரியோ' அல்லது 'டைரக்ட்' நிலையில் இருந்தால் இரண்டு ஸ்பீக்கர்தான் பேசும். அது பழுதல்ல, நீங்கள் கேட்டதைச் செய்கிறது. ரிமோட்டில் சரவுண்ட் பட்டனை அழுத்தி 'ப்ரோ லொஜிக்' அல்லது 'டொல்பி சரவுண்ட்' என்று மாற்றுங்கள். அந்தக் காலத்துப் படங்களில் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே சத்தத்தைத்தான் தரும், அதுவும் கொஞ்சம் மங்கலாக. அன்றைய முறையில் பின் ஒலி ஒன்றுதான், 7 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அது போவதில்லை. செட்டிங்கில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் என்று கேட்பதும் வீண் கேள்வி அல்ல. ஒலி ஒரு மீற்றர் கடக்க கிட்டத்தட்ட 3 மில்லிசெக்கன் எடுக்கும். பக்கத்தில் இருக்கும் பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தாவிட்டால், முன்னால் பேசுபவரின் குரல் பின்னால் இருந்து வருவதுபோல இருக்கும். ஒரு மீற்றர் நாடாவால் அளந்து போடுங்கள்.

டிஜிட்டல் காலம் வந்ததும் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் பழைய பிரச்சினையே புதுச் சட்டை போட்டு வந்தது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் டொல்பி டிஜிட்டல் வந்தது. சுருளின் ஓரத் துளைகளுக்கு இடையில் இருந்த சின்ன இடங்களில் ஒலியைப் புள்ளிகளாக அச்சடித்திருந்தார்கள். அடுத்த வருடம் 'ஜுராசிக் பார்க்' படத்தில் டி.டி.எஸ். முறை, ஒலியைத் தனியாக சீடியில் வைத்துப் படத்தோடு ஓடவிட்டது. இப்போது உண்மையாகவே ஆறு தனித்தனி ஒலிகள்: ஐந்து முழு ஒலி, ஆறாவது ஆழமான பாஸுக்கு மட்டும். ஆறாவதற்கு மிகக் குறைந்த இடமே போதும் என்பதால் அதைப் பத்தில் ஒன்று என்று எண்ணி 5.1 என்று பெயர் வைத்தவர் டொம்லின்சன் ஹோல்மன். டி.எச்.எக்ஸ். என்ற பெயரோடு தொடர்புள்ளவர் என்றால் சிலருக்கு ஞாபகம் வரும்.

1996 கடைசியில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. ஆறு ஒலியும் தட்டில் இருக்கிறது. ஆனால் டிவிடி பிளேயரிலிருந்து ரிசீவருக்குப் போகும் டிஜிட்டல் பாதை சோனியும் பிலிப்ஸும் சீடிக்காக அமைத்தது, வடிவமைப்பில் இரண்டு சனலுக்கு உரியது. மேசைக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சம் தெரியும் ஒப்டிகல் கேபிள் அந்தப் பாதைதான். டோஷிபா கம்பனி 1983இல் கொண்டுவந்தது. சீடியின் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 இலட்சம் பிட். டொல்பி டிஜிட்டல் ஆறு ஒலியையும் சுருக்கி டிவிடியில் அதிகபட்சம் 4 இலட்சத்து 48 ஆயிரம் பிட்டுக்குள் அடக்கியது. அந்தப் பொட்டலத்தை, 'நானும் இரண்டு சனல் ஒலிதான்' என்று வேஷம் போட்டு அதே கேபிளில் அனுப்பினார்கள். இரண்டு பேருக்கான பாதையில் மறுபடியும் கூட்டமாக ஒளிந்து பயணம்.

உங்கள் பின் ஸ்பீக்கர் பேசாததன் பிரதான காரணம் இங்கேதான் இருக்கிறது. டிவியின் ஒலி செட்டிங்கில், டிஜிட்டல் வெளியீடு 'பி.சி.எம்.' என்று இருந்தால், டிவி அந்தப் பொட்டலத்தைத் தானே அவிழ்த்து, இரண்டு ஒலியாகக் கலந்து அனுப்பும். ஒப்டிகல் கேபிளால் பி.சி.எம். முறையில் இரண்டுக்கு மேல் கொண்டுபோக முடியாது. அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஓட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். பொட்டலம் அவிழாமல் ரிசீவருக்குப் போகும். ரிசீவரின் முகப்பில் 'டொல்பி டிஜிட்டல்' என்று எழுத்து விழும். விழுந்தால் அன்றைய இரவு பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மாற்றியதும் சத்தமே இல்லாமல் போனால், அந்தப் படத்தின் ஒலி டி.டி.எஸ். ஆக இருக்கக்கூடும். பல டிவிகள் அதை வெளியே விடுவதில்லை. பிளேயரை நேராக ரிசீவருக்குக் கொடுங்கள்.

எச்.டி.எம்.ஐ. 2002 டிசம்பரில் வந்தது. ஏழு கம்பனிகள் சேர்ந்து செய்தது. 1970களில் யாரும் செய்யாத வேலையை இந்த முறை செய்தார்கள். படமும் எட்டு சனல் ஒலியும் ஒரே கேபிளில். பாதை ஒருவழியாக அகலமானது. அதோடு ஒரு பூட்டும் வந்தது. படம் களவாடப்படாமல் இருக்க, இரண்டு பெட்டிகளும் பேசத் தொடங்கு முன் ஒன்றையொன்று அடையாளம் கேட்கும். அந்த விசாரணை இடையில் குழம்பினால் திரை கறுப்பாகும், அல்லது சத்தம் விட்டுவிட்டு வரும். மூன்று பெட்டியினதும் ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, சில நிமிடம் விட்டு, டிவி, ரிசீவர், பிளேயர் என்ற ஒழுங்கில் போடுங்கள். பழைய ரிசீவர் ஊடாக 4கே படம் வராவிட்டால் அது பழுதல்ல, புதிய பூட்டுக்கு அந்தப் பெட்டியிடம் திறப்பு இல்லை. பிளேயரை நேரே டிவிக்குக் கொடுத்து, ஒலியை மட்டும் ஒப்டிகலில் ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள்.

2009இல் வந்த ஏ.ஆர்.சி. என்பது டிவியின் ஒலி அதே கேபிளில் திரும்பி வரும் வசதி. டிவியில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய ஒரு குழி மட்டுமே அதைச் செய்யும். ரிசீவரில் 'அவுட்' என்று போட்ட குழியோடு அதை இணைக்க வேண்டும், 'இன்' இல்லை. இரண்டிலும் சி.ஈ.சி. செட்டிங் போட்டிருக்க வேண்டும். இந்தத் திரும்பும் பாதையும் ஏறக்குறைய ஒப்டிகல் அளவு ஒடுங்கியதுதான், ஆகவே பி.சி.எம்., பிட்ஸ்ட்ரீம் கதை இங்கேயும் உண்டு. 2017இல் அறிவித்த ஈ-ஆர்க் வந்த பிறகுதான் அந்த இடுக்கு விலகியது.

பெட்டியை இயக்கியதும் சில செக்கனில் தானாக அணைந்து சிவப்பு லைட் மின்னினால், அது தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது. ஸ்பீக்கர் வயரின் ஒரு இழை பக்கத்து முனையிலோ உலோக உடலிலோ தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா ஸ்பீக்கரையும் கழற்றி, வெறும் பெட்டியை இயக்கிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் மட்டும் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

கடைசியாக, ப்ளக்கைப் போடு முன் பெட்டியின் பின்னால் இருக்கும் எழுத்தை வாசியுங்கள். ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, சவூதியில் பல வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது. நமக்கு 230. ரீகண்டிஷன் கடையில் நல்ல விலைக்குக் கிடைக்கும் ஜப்பான் ரிசீவர் ஒன்றை ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேராகச் சுவரில் போட்டால், மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் வேலை இருக்காது. ட்ரான்ஸ்போமர் வாங்கும்போதும் ரிசீவரில் எழுதியிருக்கும் வொட் அளவை விடக் கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் பேசாத செட் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். டெஸ்ட் டோன் எத்தனை ஸ்பீக்கரில் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிறு பின்னேரம் இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.